மழலையர் வகுப்புக்கு மரக்கட்டைகள் செய்த அனுபவம்

மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் வரும் எங்கள் மழலையர் வகுப்பின் விளையாட்டு மூலைக்கு, ஒரே அளவுமுறையில் அமைந்த மரக்கட்டைத் தொகுதி ஒன்றை நானே அறுத்து, இழைத்து, தேய்த்துச் செய்து முடித்தேன். செய்த முறையையும், கட்டைகள் குழந்தைகளின் கைக்குப் போன பிறகு நான் கண்டவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். தச்சு வேலையில் ஓரளவு கைப்பழக்கம் உள்ள பெற்றோரும் ஆசிரியரும் ஒரு சிறு தொகுதியையாவது செய்து பார்க்கும் அளவுக்கு விவரங்களைத் தர முயன்றிருக்கிறேன்.

அந்த மூலையில் முன்பும் பொம்மைகளுக்குக் குறைவில்லை. பொத்தானை அழுத்தினால் பாடும் வண்டி, மணி ஒலிக்கும் தொலைபேசி, நடுவில் பிரிந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பழங்கள் எல்லாம் இருந்தன. குழந்தைகள் அவற்றை ஆசையோடுதான் எடுத்தார்கள், ஆனால் வெகுசீக்கிரம் கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தேடினார்கள். பாடும் வண்டி பாடி முடித்தபின் அதைக் கொண்டு குழந்தை செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. கற்பனைக்கு இடம் தரும் விளையாட்டுப் பொருளில் இரண்டு குணங்கள் ஒருசேர இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளவில் அது பிசகாமல் இருக்க வேண்டும். தோற்றத்தில் அது இன்னதுதான் என்று சொல்லாமல் இருக்க வேண்டும். அளவு பிசகினால் கட்டியது நிற்பதில்லை, காரணம் புரியாத குழந்தை தனக்குத்தான் வரவில்லை என்று எண்ணி விலகிப் போய்விடுகிறது. தோற்றமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், குழந்தை தன் பங்குக்குச் சொல்வதற்கு எதுவும் எஞ்சுவதில்லை.

இந்த எண்ணம் புதியதன்று. ஜெர்மனியில் 1837-இல் சிறு குழந்தைகளுக்கான தம் பள்ளியைத் தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃபிரோபெல், எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரத்தைக் குழந்தைகளின் கையில் கொடுத்தார். மேசைமேல் வைத்து, ஆசிரியர் காட்டும் வழியில் பயன்படுத்தும் சிறு பொருள் அது. அதைத் தரைக்குக் கொண்டுவந்து, குழந்தை தன் விருப்பம்போல் பெரிதாகக் கட்டும் பொருளாக மாற்றியதில் பெரும்பங்கு நியூயார்க்கைச் சேர்ந்த கரோலின் பிராட்டுக்கு உண்டு. தச்சுப் பயிற்சி பெற்ற ஆசிரியரான அவர் 1914-இல் தொடங்கிய பள்ளியில் பயன்படுத்திய கட்டைகளின் அளவுமுறையே இன்றும் உலகெங்கும் மழலையர் வகுப்புகளில் காணப்படுகிறது. நானும் அதையே எடுத்துக்கொண்டேன்.

அந்த அளவுமுறையின் அடிப்படை மிக எளியது. தடிப்பு, அகலம், நீளம் ஆகிய மூன்றும் 1:2:4 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பிராட்டின் மூல அளவுகள் அங்குலத்தில் ஒன்றே காலே அரைக்கால், இரண்டே முக்கால் என்றெல்லாம் பின்னத்தில் குழம்பிவிடாமல் இருக்க, நான் மில்லிமீட்டரில் 35, 70, 140 என்று வைத்துக்கொண்டேன், வேறுபாடு மயிரிழைதான். இந்த ஒரு கட்டைதான் தொகுதி முழுவதற்கும் அலகு. அதன் நீளத்தில் பாதி உள்ளது அரைக்கட்டை, இரண்டு மடங்கு உள்ளது 280 மி.மீ. இரட்டைக்கட்டை, நான்கு மடங்கு உள்ளது 560 மி.மீ. நீளக்கட்டை. அலகுக் கட்டையின் அகலத்தைப் பாதியாக்கினால் 35-க்கு 35 கனத்தில் தூண் கிடைக்கிறது. அரைக்கட்டையின் அகன்ற முகத்தை மூலைவிட்டமாக அறுத்தால் முக்கோணம். இரண்டு கட்டைகளைப் படுக்கையாக அடுக்கினால் ஒரு கட்டையை விளிம்பில் நிறுத்திய உயரம் வரும். விளிம்பில் நிறுத்திய கட்டைகள் இரண்டை அடுக்கினால் ஒரு கட்டையைச் செங்குத்தாக நிறுத்திய உயரம் வரும். எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாலும் ஏதோ ஒன்றோடு சரியாகப் பொருந்தும் என்பதே இந்த விகிதத்தின் சிறப்பு. பாதி, இரட்டிப்பு, சமம் என்ற சொற்களை அறியாத குழந்தை அவற்றைக் கையால் அறிந்துகொள்வது இதனால்தான்.

ஐந்தாறு குழந்தைகள் ஒரே நேரத்தில் அமர்ந்து கட்டுவதற்காக மொத்தம் 150 கட்டைகள் செய்தேன்: அலகுக் கட்டை 60, அரைக்கட்டை 30, இரட்டைக்கட்டை 24, நீளக்கட்டை 8, தூண் 16, முக்கோணம் 12. வடிவ வகைகளைக் கூட்டுவதைவிட அலகுக் கட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே பயன் தரும். அழகான வளைவுத் துண்டுகள் இரண்டு இருந்தால் அவற்றுக்காகச் சண்டைதான் வருமே தவிர, கட்டடம் வராது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொறுமை வேண்டும். நான் எடுத்தது பீச். மேப்பிளும் ரப்பர் மரமும் இதற்கு ஏற்றவையே. இழை நெருக்கமாகவும், கணு இல்லாமலும், நறுக்கிய முனை எளிதில் சிலாம்பு விடாமலும் இருப்பதே முக்கியம். பைன் மரம் அறுக்க மிக எளிது, ஆனால் கட்டை இலேசாக இருப்பதால் சட்டை நுனி பட்டாலே கோபுரம் சாய்ந்துவிடும். ஒன்றோடொன்று மோதி மூலைகளும் நசுங்கிப்போகும். பீச்சில் செய்த அலகுக் கட்டை ஏறத்தாழ 240 கிராம் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை ஒரு கையால் தூக்க முடிகிற, ஆனால் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கிற எடை அது. மர நாரைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையை நான் தொடவே இல்லை. அதை ஒட்டியிருக்கும் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருக்கும், அறுக்கும்போது பறக்கும் தூள் மிக நுண்ணியது, ஈரம் பட்டால் விளிம்பு ஊதிவிடும். எச்சில் படாத விளையாட்டுப் பொருள் இந்த வயதில் ஏது?

பலகைகளை வாங்கியவுடன் அறுக்கக் கூடாது. கட்டைகள் இருக்கப்போகும் அதே அறையில், இடையிடையே சிறு குச்சிகள் வைத்துக் காற்று புகும்படி அடுக்கி, சில வாரங்கள் விட்டுவைக்க வேண்டும். மரம் நீளவாக்கில் பெரும்பாலும் மாறுவதில்லை, இழைக்குக் குறுக்காகத்தான் சுருங்கும், விரியும். 70 மி.மீ. அகலத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேலும்கூட ஈரப்பதத்தால் வேறுபாடு வரலாம். அது சிறியதாகத் தோன்றும். ஆனால் பத்துக் கட்டைகளை அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் தவறினால் உச்சியில் ஒரு சென்டிமீட்டர் பிசகும். பக்கத்துத் தூணோடு உயரம் ஒத்துப்போகாது, மேலே வைக்கும் பாலம் சாய்ந்துகொண்டு நிற்கும். ஆகையால் கால் மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது என்று எல்லை வைத்துக்கொண்டு, இழைத்த பலகையைப் பல இடங்களில் வெர்னியர் அளவியால் பார்த்த பின்பே அறுக்கத் தொடங்கினேன்.

அறுப்பதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரம்பத்தின் பல் தன் தடிப்பளவுக்கு மரத்தைத் தூளாக்கித் தின்றுவிடும். 280 மி.மீ. துண்டை 3 மி.மீ. தடிப்புள்ள பல்லால் நடுவில் அறுத்தால் கிடைப்பவை 140 மி.மீ. துண்டுகள் அல்ல, 138.5 மி.மீ. துண்டுகள். எனவே பெரிய கட்டையைப் பாதியாக்கிச் சிறிய கட்டை செய்யும் வழியே இங்கு உதவாது. வட்ட ரம்பத்தின் மேசையில் 140 மி.மீ. தூரத்தில் ஒரு தடுப்புக் கட்டையை இறுக்கி, பலகையின் நுனியை அதில் முட்டவைத்து, எல்லா அலகுக் கட்டைகளையும் ஒரே அமைப்பில் வரிசையாக அறுத்து முடித்துவிட வேண்டும். அதன்பிறகே தடுப்பை நகர்த்தி அடுத்த நீளத்துக்குப் போக வேண்டும். தடுப்பு ஓரத்தில் மரத்தூள் சேர்ந்தால் அதுவும் அளவைக் கெடுக்கும் என்பதால், ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் சிறு தூரிகையால் துடைத்தேன். ரம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்பதை மூலைமட்டம் வைத்து அடிக்கடி பார்ப்பது அதைவிட முக்கியம். நுனி சற்றே கோணலாக இருந்தாலும், செங்குத்தாக நிறுத்திய கட்டை தள்ளாடும்.

உப்புத்தாள் வேலைதான் மிகுந்த நேரத்தை எடுத்துக்கொண்டது. கரடான 80-ஆம் எண் தாளில் தொடங்கினால் முகங்கள் தேய்ந்து அளவு மாறிவிடும் என்பதால், முகங்களுக்கு 120, 180, 220 என்ற வரிசையை மட்டும் பயன்படுத்தினேன். விளிம்புகளை 2 மி.மீ. அளவுக்கு மழுக்கினேன். அதற்கு மேல் மழுக்கினால் கட்டை பார்வைக்கு மென்மையாக இருக்கும், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் பரப்புக் குறைந்து வழுக்கும். எட்டு மூலைகளையும் கையாலேயே தேய்த்தேன், ஏனென்றால் கட்டை காலில் விழும்போது முதலில் படுவது மூலைதான். தேய்த்து முடித்த கட்டையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், படுத்திருந்த நுண்ணிய நார்கள் எழுந்து நிற்கும். மறுபடி 220-ஆம் எண் தாளால் இலேசாகத் தேய்த்தால் அவை போய்விடும். இதைச் செய்யாமல் விட்டால் குழந்தைகளின் ஈரக்கை அந்த வேலையைச் செய்து, சில நாளிலேயே கட்டை சொரசொரப்பாகிவிடும். வேலை முழுவதும் முகக்கவசம் அணிந்திருந்தேன். பீச் போன்ற கடின மரங்களின் தூளை நீண்டகாலம் சுவாசிப்பது கெடுதலானது.

வண்ணம் பூசவில்லை. பலர் கேட்டார்கள், சிவப்பும் மஞ்சளும் இருந்தால் குழந்தைகளுக்குப் பிடிக்குமே என்றார்கள். வண்ணம் இருந்தால் குழந்தைகள் அதையே முதலில் பார்த்து, சிவப்பையெல்லாம் சேர்ப்பதும் நீலத்தையெல்லாம் சேர்ப்பதுமாக இருந்துவிடுவார்கள். நீளமும் உயரமும் பின்னுக்குப் போய்விடும். நிறங்களைப் படிக்க வேறு ஆயிரம் பொருள்கள் இருக்கின்றன. எனவே கலப்பில்லாத ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, மேலே சிறிது தேன்மெழுகு பூசி அழுத்தித் துடைத்தேன். சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்து விற்கப்படும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் இதற்கு ஆகாது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து, வெளியில் காயவிட்டு, அதன்பிறகே எறிய வேண்டும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒன்றும் சில நேரம் அறையில் இருக்கும் என்பதால், எந்தத் துண்டும் தொண்டையில் அடைக்காது என்பதையும் உறுதி செய்துகொண்டேன். விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுமையாக அடங்கும் துண்டு அந்த வயதுக்கு ஆகாது. என் தொகுதியில் மிக ஒல்லியான தூணே 35 மி.மீ. கனம் என்பதால் கவலையில்லை.

கட்டைகள் முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ வரும். அதைத் தாங்கும் தாழ்வான திறந்த அலமாரி ஒன்றைச் சுவரோடு திருகி நிறுத்தி, ஒவ்வொரு தட்டிலும் அங்கே இருக்க வேண்டிய கட்டையின் உருவத்தைக் கருப்புத் தாளில் வெட்டி ஒட்டினேன். அலமாரிக்கு முன்னால் அரை மீட்டர் தள்ளித் தரையில் ஒட்டுநாடாவால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எதுவும் கட்டக் கூடாது, அது கட்டை எடுக்க வருபவர்களுக்கான வழி. மற்றொரு விதி, கோபுரம் கட்டுபவரின் தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது. இந்த இரண்டுக்கு மேல் விதிகள் தேவைப்படவில்லை.

இனி குழந்தைகளுக்கு வருகிறேன். முதலில் கட்டைகளை அவர்கள் சுமந்தார்கள், அவ்வளவுதான். அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னல் ஓரத்தில் குவிப்பது, அங்கிருந்து மறுபடி அலமாரிக்குக் கொண்டுபோவது. பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் ஒருவர், இவர்களுக்குக் கட்டத் தெரியவில்லையே, நீங்கள் ஒரு வீடு கட்டிக் காட்டக் கூடாதா என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன். இதுவும் கட்டுவதன் ஒரு படிநிலைதான் என்பதை ஹாரியட் ஜான்சன் என்ற மழலையர் பள்ளி ஆசிரியர் 1933-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். சுமத்தல், வரிசையாகவும் கோபுரமாகவும் அடுக்குதல், பாலம் வைத்தல், இடத்தைச் சுற்றி அடைத்தல், இருபுறமும் ஒத்த அலங்காரம் அமைத்தல், கட்டியதற்குப் பெயரிடுதல், கடைசியாகத் தாம் கண்ட கட்டடங்களைப் போலவே கட்டிப்பார்த்தல் என்று அவர் சொன்ன ஒழுங்கு, என் கண்ணெதிரில் ஏறத்தாழ அப்படியே நடந்தது. ஐந்து வயதுப் பிள்ளைகள் முதல் படிகளை வேகமாகக் கடந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் நெடுநாள் சுமந்துகொண்டே இருந்தார்கள். நான் ஒரு வீடு கட்டிக் காட்டியிருந்தால் எல்லோரும் அதே வீட்டைக் கட்ட முயன்று, அது வராதபோது என்னைக் கட்டித்தரச் சொல்லியிருப்பார்கள்.

பாலம் வைக்கும் கட்டத்தை நெருக்கமாக நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு கட்டைகளைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, அவற்றின்மேல் ஓர் இரட்டைக்கட்டையை வைக்க முயன்றாள். இடைவெளி அகலமாக இருந்ததால் ஒரு முனை உட்கார்ந்தது, மறுமுனை தரையில் விழுந்தது. கட்டையைத் திருப்பிப் போட்டு மறுமுனையை உட்கார வைத்தாள், இந்த முனை விழுந்தது. ஒரு முனையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்துபோய் இன்னோர் இரட்டைக்கட்டையைக் கொண்டுவந்து, கீழே கிடந்ததன் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே நீளம் என்பதைக் கண்டு அதைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தாள். அலமாரியின் கீழ்த்தட்டில் நீளக்கட்டைகள் இருந்தன, அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்தவள், நின்றிருந்த கட்டைகளில் ஒன்றை உள்ளங்கையின் அடிப்பகுதியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்தினாள். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் மேற்கட்டையை வைத்துப் பார்த்தாள். இரண்டு முனைகளும் உட்கார்ந்தபோது அவள் சிரிக்கக்கூட இல்லை. உடனே அதைப் பிரித்துவிட்டு, அதே பாலத்தை முதலிலிருந்து வைத்தாள். பிறகு மறுபடியும். இடைவெளி, நீளம், இவை இரண்டுக்கும் உள்ள உறவு ஆகியவற்றை அளவுகோல் இல்லாமல் ஒரு குழந்தை கற்றுக்கொண்டிருந்தது. நீளக்கட்டையை நான் சுட்டிக்காட்டியிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு பாலம் மட்டுமே.

கட்டியதற்குப் பெயர் வரத் தொடங்கியதும் விளையாட்டின் தன்மையே மாறியது. இரண்டு வரிசைகளாகக் கட்டைகளை வைத்து, நடுவே நடைபாதை விட்டு, முன்னால் ஓர் அரைக்கட்டையைத் தூணின்மேல் வைத்து, "இது பஸ்ஸாம், நான் டிரைவராம், நீங்கல்லாம் ஏறணுமாம்" என்றான் ஒரு பையன். ஏறியவர்களுள் ஒருத்தி ஒரு முக்கோணத்தை எடுத்துப் பயணச்சீட்டுக் கருவியாக்கிக்கொண்டாள். சற்று நேரத்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் போட்டி வந்தது. தள்ளுமுள்ளு ஆகப்போகிறது என்று நான் எழுந்தேன், அதற்குள் நடத்துநரே தீர்த்துவைத்தாள்: "டிரைவருக்குத் தூக்கம் வருதாம். அவர் பின்னாடி போய்ப் படுத்துக்குவாராம். இப்ப நீ டிரைவராம்." முதல் ஓட்டுநர் எவ்வித மறுப்பும் இல்லாமல் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். கதைக்கு வெளியே நின்று நான் "முறை வைத்து விளையாடுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்தச் சொல் அவர்களுக்குக் கட்டளை. கதைக்கு உள்ளிருந்து வந்ததால் அது நியாயம்.

அன்று நான் வியந்த இன்னொன்றும் உண்டு. வட்டமாக உட்காரும் நேரத்தில் ஒரு நிமிடம்கூட நிலையாக இருக்க முடியாத பையன் ஒருவன், அந்தப் பேருந்தில் பயணியாக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தம் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். பாவனை விளையாட்டில் குழந்தை தன் வழக்கமான வயதுக்கு மேலாக நடந்துகொள்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையில் விளக்கினார். குச்சி குதிரையாகும்போது, பொருளின் தோற்றத்திலிருந்து அதன் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கக் குழந்தை கற்கிறது என்பதும் அவர் சொன்னதே. பேருந்துப் பயணி எப்படி இருக்க வேண்டும் என்ற விதியை அந்தப் பையனுக்கு யாரும் விதிக்கவில்லை. அவனே ஏற்றுக்கொண்ட விதி என்பதால் அது அவனுக்குச் சுமையாக இல்லை. கட்டை பயணச்சீட்டுக் கருவியாவது போலத்தான் வளைந்த கோடு ஓர் எழுத்தாகவும், எழுத்து ஓர் ஒலியாகவும் ஆகிறது என்பதை எண்ணும்போது, இந்த வயதில் பாவனை விளையாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமளிக்கிறது.

துணைப் பொருள்களை மிகச் சிக்கனமாகவே சேர்த்தேன். முதலில் சில பெரிய துணிகள். அவை கூரையாகவும், ஆறாகவும், நோயாளியின் போர்வையாகவும் ஆயின. அடுத்துக் கயிறும், தாளும், கொட்டை எழுத்தில் எழுதத் தோதான தடித்த வண்ணக்குச்சிகளும். தாளை வைத்த அன்றே பயணச்சீட்டுகள் எழுதப்பட்டன. அவற்றில் இருந்தவை எழுத்துகள் அல்ல, அலைகோடுகள்; ஆனால் எழுதியவள் அவற்றை எனக்குப் படித்துக் காட்டினாள். சிறிய மரக் கார்களை வைத்ததும் அறை முழுவதும் சாலைகளாயிற்று, கட்டடங்கள் குறைந்தன. கார்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வடிவம் தெளிவாகத் தெரியும் ஒரு பொருள் உள்ளே வந்தால் விளையாட்டு அதன் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், ஒரு நேரத்தில் ஒரு வகைப் பொருளை மட்டும் வைத்து, சில வாரங்களில் எடுத்துவிடுகிறேன்.

பெரியவர் பேசும் முறையும் இந்தக் கருவிகளில் ஒன்றுதான். கட்டிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் "இது என்ன?" என்று நான் கேட்பதில்லை. பெயர் எதுவும் மனத்தில் இல்லாத குழந்தைகூட நமக்காக ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, அதன்பிறகு அந்தப் பெயருக்குள் மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பதிலாகக் கண்ணில் படுவதைச் சொல்கிறேன்: "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி வச்சிருக்கியே", "நடுவுல ஒரு வழி விட்டிருக்க". சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால், பெரும்பாலும் குழந்தையே தொடர்ந்து பேசும். மேலே, கீழே, நடுவில், அதைவிட நீளம், இதன் அடியில் என்ற சொற்களெல்லாம் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்படாமலே அவர்கள் பேச்சில் புகுந்திருக்கின்றன.

எடுத்து வைக்கும் நேரத்தையும் நான் விளையாட்டின் பகுதியாகவே பார்க்கிறேன். கருப்பு உருவங்களோடு கட்டைகளைப் பொருத்துவது வகைப்படுத்தும் பயிற்சி. இரட்டைக்கட்டைக்கான இடத்தில் இரண்டு அலகுக் கட்டைகள் மிகச்சரியாக அடங்குவதை ஒரு பெண் குழந்தை கண்டுபிடித்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு நாளில் முடியாத கட்டடத்தைக் கலைக்காமல், "வேலை நடக்கிறது" என்ற அட்டையைப் பக்கத்தில் வைத்து மறுநாளைக்கு விட்டுவைக்கிறோம். முந்தைய நாள் நினைத்ததைத் தொடர்ந்து செய்யும் பழக்கம் நான்கு வயதில் இவ்வளவு எளிதாக வேறு எந்தச் செயலில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத்தும் எண்ணும் எப்போது கற்றுத்தருவீர்கள் என்று கேட்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கவலை உண்மையானது. அவர்களை அறைக்குள் அழைத்து, பேசாமல் சற்று நேரம் ஓரமாக உட்காரச் சொல்கிறேன். விளக்கங்களைவிட அது அதிகம் பயன்பட்டிருக்கிறது.

பராமரிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கட்டைகளையும் கையால் தடவிப் பார்க்கிறேன், பழைய காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு தடவினால் கண்ணுக்குத் தெரியாத சிலாம்புகூட நூலில் மாட்டிக்கொள்ளும். மாட்டிய இடத்தை 180, 220 தாள்களால் தேய்த்து, சிறிது மெழுகு பூசினால் போதும். நீரில் ஊறவைத்துக் கழுவக் கூடாது. சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். நீளக்கட்டை ஒன்றின் முனை விழுந்து பிளந்தபோது அதைப் பசையிட்டு ஒட்டவில்லை, ஏனெனில் ஒட்டிய இடம் மறுபடி திறந்தால் கூர்மையான விளிம்பு தோன்றும். பிளவு முடியும் இடத்துக்கு அப்பால் அறுத்து, அதிலிருந்து ஓர் இரட்டைக்கட்டையும் ஓர் அலகுக் கட்டையும் எடுத்துவிட்டேன். ஒரே அளவுமுறையில் செய்த தொகுதியில் எந்தக் கட்டையும் முழுவதும் வீணாவதில்லை.

இப்போது செய்யத் தொடங்கியிருப்பது சரிவுக் கட்டைகள். குழந்தைகள் இரட்டைக்கட்டையை ஒரு கட்டையின்மேல் சாய்த்து வைத்துப் பந்து உருட்டுகிறார்கள், ஆனால் கீழ்முனையில் 35 மி.மீ. தடிப்பு படிபோல நிற்பதால் பந்து துள்ளி வேறு பக்கம் போகிறது. கீழ்முனை மெலிந்த ஆப்பு வடிவம் அதற்குத் தேவை. 140 மி.மீ. நீளம், 70 மி.மீ. அகலம், உயர்ந்த முனை ஒரு கட்டையின் தடிப்பான 35 மி.மீ.; மெலிந்த முனையைக் கூராக விடாமல் 3 மி.மீ. விட்டு மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் உடைந்து சிலாம்பாகும். இழை நீளவாக்கில் ஓட வேண்டும் என்பதும், ஒரு கட்டையை மூலைவிட்டமாக அறுத்து இரண்டு சரிவு எடுக்க முயலக் கூடாது என்பதும் இங்கே கட்டாயம். ரம்பம் தின்னும் அளவும் முனைகளில் விடும் தடிப்பும் சேர்ந்து இரண்டுமே உயரம் குறைந்துவிடும். அதனால் சற்றுத் தடித்த பலகையில் சாய்வாக ஒரு தாங்கி செய்து, அதில் கட்டையைப் பொருத்தி ஒவ்வொன்றாக அறுக்கிறேன். முதலில் எட்டு மட்டும் செய்து அலமாரியில் வைக்கப்போகிறேன். இரண்டை அடுத்தடுத்து வைத்துச் சரிவை நீட்டுவதா, எதிரெதிராக வைத்து மேடாக்குவதா என்பதைக் குழந்தைகள் பார்த்துக்கொள்வார்கள்.